விஸ்துலாக் கரையில் அயலவர்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போலந்து என்னும் பெயர் ஒரு தலைமுறைக்கு முன்பு தமிழ் வீடுகளில் பாடநூல் வழியாக மட்டுமே நுழைந்தது. பூமிதான் கதிரவனைச் சுற்றுகிறது என்று நிறுவ முனைந்த கோபர்நிக்கசும், வார்சாவில் பிறந்து, தாம் கண்டறிந்த தனிமத்துக்குத் தாய்நாட்டின் பெயரையே சூட்டிய மேரி கியூரியும் அந்நாட்டின் மக்கள் என்பதோடு பாடம் முடிந்துவிடும். இன்று நிலைமை வேறு. மருத்துவமும் பொறியியலும் பயிலவும், கணினி நிறுவனங்களில் பணியாற்றவும் வார்சாவுக்கும் கிராக்கோவுக்கும் விரோத்ஸ்வாவுக்கும் நம் பிள்ளைகள் செல்கிறார்கள். 2022ஆம் ஆண்டு உக்ரைனில் போர் மூண்டபோது, அங்கு மருத்துவம் படித்த தமிழ்நாட்டு மாணவர் பலர் போலந்தின் எல்லையைக் கடந்துதான் தாயகம் திரும்பினர். ஆகவே, அம்மக்களோடு வாழ நேரும் அயலவர் அன்றாடம் எவற்றைக் கண்டு திகைக்கிறார்கள் என்பது இனிப் பொழுதுபோக்குச் செய்தியன்று. பல பெற்றோரின் உறக்கத்தைத் தொடும் செய்தி.

முதல் திகைப்பு முகத்தில் தொடங்குகிறது. வார்சாவின் சுரங்க இரயிலில் ஏறும் புதியவர் எதிரே அமர்ந்திருப்பவரைப் பார்த்துப் புன்னகைக்கிறார். மறுமொழியாகப் புன்னகை வருவதில்லை. கடைக்காரர் சிரிப்பதில்லை, அலுவலகச் சாளரத்தின் பின்னால் இருக்கும் அம்மையார் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பத்து நாள் இவ்வாறு கழிந்தால், 'இவ்வூரார் நம்மை வெறுக்கிறார்கள்' என்னும் முடிவுக்கு அம்மாணவர் வந்துவிடுகிறார். அறையைவிட்டு வெளியே வருவது குறைகிறது. தனிமை நோய் அங்கிருந்துதான் வேர்விடுகிறது.

ஆனால், அதே ஊரின் அடுக்குமாடி வீட்டு மின்தூக்கியில் ஏறிப் பார்த்தால் வேறொரு காட்சி. உள்ளே வரும் முன்பின் அறியாத முதியவர் 'ஜென் தோப்ரி', அதாவது 'நல்ல நாள்' என்று முகமன் கூறுவார். தம் தளத்தில் இறங்கும்போது 'சென்று வருகிறேன்' என்னும் பொருளில் விடையும் பெறுவார். மருத்துவர் வீட்டுக் காத்திருப்புக் கூடத்தில் நுழைபவர் அங்கு அமர்ந்திருக்கும் அனைவருக்கும் பொதுவாக வணக்கம் சொல்லிவிட்டே அமர்வார். அதைச் சொல்லாமல் கைப்பேசியைப் பார்த்தபடி உள்ளே வந்து உட்காரும் அயலவரே அங்கு மரியாதை அறியாதவராகக் கருதப்படுகிறார். தெருவில் அறியாதவரைப் பார்த்துச் சிரிப்பது அவர்களுக்குப் பொருளற்ற செயல். ஒரு கூரையின்கீழ் வந்தபின் வாய்திறந்து வணங்காமை குற்றம். புன்னகை நண்பருக்கு, முகமன் எல்லார்க்கும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட முறை.

'என்ன செய்தி?' என்று நலம் வினவினால் வரும் விடையும் ஆங்கிலேயரையும் அமெரிக்கரையும் அதிரச் செய்வது. 'மிக நன்று' என்று அவர்கள் சொல்வது அரிது. 'ஸ்தாரா பியேதா' என்பார்கள். 'பழைய வறுமைதான்' என்பது அதன் பொருள். முழங்கால் வலி, மருந்து விலை, மகனின் வேலை என்று தொடர்ந்து குறை கூறுவதும் உண்டு. அமெரிக்கர் இதனை மனச்சோர்வு என்று எண்ணுகிறார். தமிழர் அவ்வாறு மயங்க வேண்டியதில்லை. 'ஏதோ ஓடுகிறது' என்று நம் வீட்டுத் திண்ணைகளில் சொல்லப்படும் விடைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நன்றாக இருக்கிறேன் என்று உரக்கச் சொன்னால் கண்ணேறு படும் என்னும் அச்சமும், குறையைப் பகிர்ந்துகொள்வதே நெருக்கம் என்னும் எண்ணமும் இரண்டு இடத்திலும் உண்டு.

எல்லா இறுகிய முகங்களும் களங்கமற்றவை என்று சொல்வது உண்மையாகாது. நிறம் கண்டு வசைபாடுவோர் எந்த நாட்டிலும் உண்டு, அங்கும் உண்டு. சிரிக்காத முகம் வேறு, வசைபாடும் வாய் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்பவர் நல்லாரையும் இழக்கிறார். தீயாரிடம் காட்ட வேண்டிய விழிப்பையும் இழக்கிறார். பெற்றோர் தம் மக்களுக்குப் பயணப்பெட்டி கட்டும்போதே இந்த வேறுபாட்டையும் சேர்த்துக் கட்டி அனுப்புதல் நன்று.

அடுத்து, விளிக்கும் முறை. அம்மொழியில் 'நீ' என்னும் சொல் எளிதில் வாயில் வரலாகாது. ஆடவரைப் 'பான்' என்றும், பெண்டிரைப் 'பானி' என்றும் குறித்து, வினைச்சொல்லைப் படர்க்கையில் அமைத்துப் பேசுவர். எதிரே நிற்பவரிடமே 'ஐயா என்ன விரும்புகிறார்?' என்று கேட்பதைப் போன்றது அது. நம் சிற்றூர்களில் பெரியவரிடம் 'ஐயா எப்போது வந்தார்?' என்று அவர் முகம் நோக்கியே கேட்ட தலைமுறை இன்னும் முற்றும் மறைந்துவிடவில்லை. ஆங்கிலத்தில் எல்லார்க்கும் ஒரே சொல்லை வழங்கிப் பழகியவர் அங்கு ஓராண்டு தடுமாறுவார்; தமிழ்ப் பிள்ளை ஒரு வாரத்தில் தேறிவிடலாம். 'பான்' நிலையிலிருந்து 'நீ' நிலைக்கு இறங்கலாம் என்று முன்மொழியும் உரிமை மூத்தவருக்கும் பெண்ணுக்குமே உண்டு. இளையவர் தாமாக உரிமை எடுத்துக்கொண்டால் உரையாடல் குளிர்ந்துவிடும். மருத்துவரையும் இயக்குநரையும் பட்டத்தோடுதான் அழைப்பர். அங்கு மேல்நிலைப் பள்ளி ஆசிரியரைக்கூட மாணவர் 'பேராசிரியர்' என்றே விளிக்கின்றனர். ஆசிரியப் பணியில் ஆயுளைக் கழித்தோர் காதுக்கு இது இனிய செய்திதான்!

மொழியைப் பற்றி இன்னும் சிறிது சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. போலந்து மொழியில் வேற்றுமைகள் ஏழு. விளியும் அவற்றுள் ஒன்று. ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் வேற்றுமை ஏற்று ஈறு மாறும். வார்ஷாவா என்னும் நகரம் 'இல்' என்னும் பொருளில் 'வார்ஷாவியே' ஆகும். 'க்கு' என்னும் பொருளில் 'வார்ஷாவி' ஆகும். இது கண்டு மேலைநாட்டு மாணவர் தலையில் கைவைக்கின்றனர். மரம் என்பது 'மரத்தில்' என்றும் 'மரத்துக்கு' என்றும் திரிவதைத் தாய்ப்பாலோடு கற்றவருக்கு இதில் வியப்பு இல்லை. எண்ணுப்பெயரிலும் இதே நிலை. ஆண்பாற் பொருள் இரண்டாயின் 'த்வா', பெண்டிர் இருவராயின் 'த்வியே', ஆடவர் இருவராயின் 'த்வாய்'. இரண்டு, இருவர் என்று நாம் பிரித்துச் சொல்வதன் உறவினர் போலத் தோன்றுகிறது. ஆனால், பன்மையில் அவர்கள் வகுத்த திணைப் பாகுபாடு நம் இலக்கணத்தார்க்கு உடன்பாடாகாது: ஓர் ஆடவரேனும் கலந்த மக்கட்கூட்டத்துக்கு ஒரு சொல், பெண்டிர், குழந்தைகள், விலங்குகள், மேசை நாற்காலிகள் யாவற்றுக்கும் சேர்த்து மற்றொரு சொல். மக்கள் அனைவரையும் உயர்திணை என்று ஒரே வரிசையில் வைத்த தமிழ் இவ்வகையில் பெருந்தன்மை உடையது.

சிறு சொற்கள் தரும் இடர்களும் உண்டு. அம்மொழியின் பேச்சு வழக்கில் 'நோ' என்றால் 'ஆம்' என்று பொருள். விடுதி அறை கிடைக்குமா என்று கேட்டவர், 'நோ, நோ' என்னும் விடை கேட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தால் பிழை அவருடையதன்று. உணவகத்தில் பணத்தை நீட்டும்போது நன்றி என்று பொருள்படும் 'ஜென்குயெ' என்னும் சொல்லை உடனே சொல்லிவிடக் கூடாது. 'மீதியை நீரே வைத்துக்கொள்ளும்' என்று பணியாளர் கொள்வார். நூறு ஸ்லோத்தி தாளைக் கொடுத்து நன்றி கூறிவிட்டு மீதிக்காகக் காத்திருக்கும் அயலவரின் நிலை இரங்கத்தக்கது. பொதுக் கழிப்பறைக் கதவுகள் பலவற்றில் எழுத்தும் இராது, படமும் இராது; வட்டம் வரைந்திருந்தால் மகளிர்க்கு, முக்கோணம் வரைந்திருந்தால் ஆடவர்க்கு. இதனை ஊர் சேர்வதற்கு முன்பே மனப்பாடம் செய்துகொள்வது நலம்.

பெயர் பற்றிய குழப்பம் தமிழர்க்கே உரியது. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை, தலைப்பெழுத்தே உண்டு. கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப்பெயருக்குரிய இடத்தில் ஏறிவிடுகிறது. ஆகவே பல்கலைக்கழக அலுவலகத்தில் மகனை அழைக்கும்போது தந்தையின் பெயர் ஒலிக்கிறது. மகன் எழுந்து செல்வதில்லை. அங்கோ ஒரே குடும்பத்தில் கணவரின் பெயர் 'ஸ்கி' என்றும் மனைவியின் பெயர் 'ஸ்கா' என்றும் முடியும். அவர்கள் இருவரும் வேறு வேறு குடும்பத்தார் என்று நம்மவர் நினைப்பதும் உண்டு.

போலந்தியர் பிறந்தநாளைவிடப் பெயர்நாளைச் சிறப்பாகக் கொண்டாடிய மரபினர். மூத்த தலைமுறையில் அது இன்றும் நிலவுகிறது. நாட்காட்டியின் ஒவ்வொரு நாளிலும் சில பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். சூன் 24 என்றால் யான் என்னும் பெயருடையோர் அனைவர்க்கும் அலுவலகத்தில் வாழ்த்து. 'நூறாண்டு' என்று தொடங்கும் வாழ்த்துப் பாட்டு. அந்நாட்காட்டியில் நயினாருக்கும் ஜீவபந்துவுக்கும் நாள் இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

இனி, ஒருவர் வீட்டுக்கு விருந்தினராகச் செல்லும் முறை. நிலைப்படிக்கு இருபுறமும் நின்று கைகுலுக்கலாகாது. முழுவதும் உள்ளே வந்தபின்னரே கை நீட்ட வேண்டும். வாசற்படியில் நின்று கொடுக்கல் வாங்கல் கூடாது என்று நம் பாட்டிமார் தடுத்தது நினைவுக்கு வரும். காலணியை வாயிலிலேயே கழற்றிவிட வேண்டும். விருந்தினர்க்கென்று வீட்டுச் செருப்பு வைத்திருப்பார்கள். பிரித்தானியர்க்கு இது சங்கடம், நமக்கு ஆறுதல். மலர்க்கொத்துக் கொண்டு செல்வது வழக்கம். ஆனால் மலர்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இரட்டைப்படை இறந்தார்க்கு உரியது. மொய்ப்பணத்தில் ஒரு ரூபாயைக் கூட்டி எழுதும் நமக்கு இதுவும் விளங்கக்கூடியதே.

மாறாக, நம்மவர் உறுதியாகத் தவறக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது சாமந்தி. தமிழ்நாட்டில் திருமணப் பந்தலிலும் கோயில் மாலையிலும் பொலியும் அம்மலர் போலந்தில் கல்லறைக்குரியது. மங்கலம் என்று எண்ணி மஞ்சள் சாமந்திக் கொத்தொன்றை வீட்டுத் தலைவியின் கையில் கொடுத்தால், அவர் முகம் வெளுத்துவிடும். நவம்பர் முதல் நாளில் அந்நாடே கல்லறைத் தோட்டங்களில் திரள்கிறது. குடும்பத்தார் தொலைதூர ஊர்களிலிருந்து வந்து, கல்லைத் துடைத்து, சாமந்தித் தொட்டிகளை வைத்து, கண்ணாடிக் கூட்டுக்குள் விளக்கேற்றுகிறார்கள். மாலை மங்கியதும் பார்த்தால் கார்த்திகை விளக்கீடு போன்று தோட்டம் முழுவதும் ஒளி. உறவினர் எவரும் வராத பழைய கல்லறைக்கும், போரில் மாண்ட பெயரறியா வீரரின் கல்லறைக்கும் யாரேனும் ஒருவர் ஒரு விளக்கு வைத்துவிட்டுச் செல்வர். அந்நாட்டாரை இறுகிய முகத்தினர் என்று முடிவு கட்டியவர் அன்று மாலை அங்கு ஒருமுறை நடந்து வர வேண்டும்.

அம்மக்களின் ஒதுக்கத்துக்கு வரலாறும் காரணம். 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் அண்டைப் பேரரசுகள் அந்நாட்டைப் பங்கிட்டுக்கொண்டன. 1918 வரை 123 ஆண்டுகள் போலந்து உலகப் படத்திலேயே இல்லை. மீண்டெழுந்து இருபத்தோராண்டு கழிவதற்குள் இரண்டாம் உலகப்போர். 1944இல் தரைமட்டமாக்கப்பட்ட வார்சாவின் பழைய நகரை ஓவியங்களையும் வரைபடங்களையும் பார்த்துக் கல் கல்லாக மீண்டும் கட்டினர். பின்னர் 1989 வரை பொதுவுடைமை ஆட்சி. 1976இல் சர்க்கரைக்கும், 1981இல் இறைச்சிக்கும் பங்கீட்டுச் சீட்டு. அயலாரிடம் மனம்திறந்து பேசுவது ஆபத்தாகவும், வரிசையில் நிற்பதே வாழ்க்கையாகவும் இருந்த காலம் அது. மருத்துவமனைக்குள் நுழைந்ததும் 'க்தோ ஒஸ்தாத்னி', 'கடைசியாக நிற்பவர் யார்?' என்று கேட்டு, அவரை நினைவில் இருத்தி, எங்கு வேண்டுமானாலும் அமர்ந்துகொள்ளும் வழக்கம் இன்றும் இருக்கிறது. வரிசை கண்ணுக்குத் தெரியாது; ஆனால் அதனை மீறிப் பார்த்தவருக்குத்தான் அதன் வலிமை தெரியும்.

வேறு சில வழக்கங்களை விரைந்து சொல்லிவிடலாம். ஊர்தி ஒன்றும் வராத தெருவிலும் சிவப்பு விளக்கு எரிந்தால் நடப்போர் அசையாமல் நிற்பர். மீறினால் காவலர் தண்டம் விதிப்பர். 2018 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைகள் படிப்படியாக அடைக்கப்பட்டன. சனியன்றே பால் வாங்கி வைக்காதவர் வருந்துவார். ஈஸ்டர் மறுநாள் தெருவில் செல்வோர்மீது இளைஞர் நீரை ஊற்றுவர். அது பகையன்று, விழா. மறந்த பொருளை எடுக்க வீட்டுக்குத் திரும்பினால், அமர்ந்து பத்து வரை எண்ணிவிட்டே மீண்டும் புறப்படுவர். நம் வீடுகளில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள்.

நம் குடும்பங்களின் உண்மையான கவலை உணவு பற்றியதே. 'அங்கு என்ன உண்பான்?' என்பதே தாயின் முதற்கேள்வி. வெளியே பார்த்தால் அது புலாலுணவு நாடு. ஆயினும் மரக்கறி உணவைக் குறிக்க 'யார்ஸ்கி' என்னும் பழஞ்சொல் ஒன்று அம்மொழியில் வழங்குகிறது. 'பால் உணவகம்' என்று பொருள்படும் எளிய சாப்பாட்டுக்கடைகள் உள்ளன. முதலாவது கடையை 1896இல் வார்சாவில் ஸ்தானிஸ்வாவ் துவுஜெவ்ஸ்கி என்பவர் திறந்தார். பாலும் மாவும் காய்கறியும் கொண்டு செய்யும் பண்டங்களுக்கு அரசின் மானியம் உண்டு. மாணவரும் முதியவரும் ஒரே மேசையில் அமர்ந்து குறைந்த விலையில் உண்ணும் அந்த இடங்களே நம்மவர்க்கு முதல் புகலிடம்.

அங்கும் விழிப்பு வேண்டும். பியெரோகி என்னும் மாவுக் கொழுக்கட்டை நம் சோமாசியின் வடிவத்தது. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் சேர்ந்த வகை எங்கும் கிடைக்கும். உள்ளே புலால் இல்லை. ஆனால் மேலே பன்றிக் கொழுப்பின் வறுத்த துணுக்குகளைத் தூவிவிடுவர். 'பெஸ் ஸ்க்வாரெக்', 'அத்துணுக்கு வேண்டா' என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். காய்கறி வடிசாறு என்று எழுதியிருப்பதும் எலும்புச் சாற்றில் கொதித்ததாக இருக்கலாம். மீனைப் புலாலாக எண்ணாதோர் அங்கு மிகுதி. 'இறைச்சி உண்பதில்லை' என்றால் அன்போடு மீனைப் பரிமாறுவர். ஆகவே இறைச்சி, மீன், முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கிழங்கும் காளானும் தவிர்ப்போர்க்கு அந்நாட்டுச் சமையல் இன்னும் சுருங்கிவிடுகிறது. அவர்கள் சொந்த அடுப்பையே நம்ப வேண்டும். பால், தயிர், கோதுமை, ஆப்பிள், முட்டைக்கோசு ஆகியவற்றுக்கு அங்குக் குறைவில்லை.

இரவுண்ணாமையைக் கடைப்பிடிப்போர்க்குக் கதிரவனே சோதனை வைக்கிறான். சூன் மாதத்தில் வார்சாவில் இரவு ஒன்பது மணிக்குத்தான் பொழுது அடைகிறது. டிசம்பரிலோ பிற்பகல் மூன்றரைக்குள் மறைந்துவிடுகிறது. விடிவதும் காலை ஏழே முக்காலுக்கு. எட்டு மணிநேரத்துக்கும் குறைந்த பகலுக்குள் வகுப்பும் இரண்டு வேளை உணவும் அடங்க வேண்டும். மாணவர்கள் நண்பகல் இடைவேளையில் முழு உணவையும் கட்டி எடுத்துச் சென்று முடித்துக்கொள்வதே வழி. போலந்தியரின் தலைமை உணவும் பிற்பகலிலேயே அமைவதால் அது அங்கு விந்தையாகத் தோன்றாது.

இத்தகைய மாணவரை உடன் பயிலும் தோழர் டிசம்பர் 24ஆம் நாள் தம் வீட்டுக்கு அழைக்கக்கூடும். அந்நாட்டில் அதனினும் பெரிய அழைப்பு இல்லை. 'விகிலியா' எனப்படும் அவ்விரவுணவு வானில் முதல் விண்மீன் தோன்றிய பின்னரே தொடங்கும். அதுவரை இல்லத்தார் நோன்பிருப்பர். வெள்ளைத் துணிக்கு அடியில் வைக்கோல் பரப்பி, பன்னிரண்டு வகை உணவு வைப்பர். இறைச்சி அன்று விலக்கு. எதிர்பாராது வரும் விருந்தினர்க்கென ஒரு தட்டு வெறுமையாக வைக்கப்பட்டிருக்கும். மாவும் நீரும் மட்டும் கொண்டு செய்த மெல்லிய அப்பத்தை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கிள்ளி எடுத்து வாழ்த்துக் கூறுவர். சிற்றூர்களில் வண்ணமிட்ட அப்பத்தை ஆடுமாடுகளுக்கும் கொடுப்பது மரபு. அன்றிரவு அவை பேசும் என்பது அவர்தம் நம்பிக்கை.

அதே விருந்தில்தான் கெண்டையினத்து மீனும் இடம்பெறுகிறது. பொதுவுடைமைக் காலத்தில் அதனை உயிரோடு வாங்கிக் குளியல் தொட்டியில் சில நாள் நீந்தவிட்டு வைத்திருந்தனர். பிள்ளைகள் அதற்குப் பெயர் சூட்டி விளையாடிவிட்டு, விருந்தன்று உண்ண மறுத்து அழுத கதை பல போலந்துக் குடும்பங்களில் உண்டு. உயிர்நலம் பேணுவோரின் எதிர்ப்பால் பெருங்கடைகள் சில உயிருள்ள மீன் விற்பதை நிறுத்திவிட்டன. அத்தொட்டியைக் கண்டு திகைக்கும் நம் பிள்ளைக்கு, அதே வீட்டில் அழுத பிள்ளையும் இருந்தது என்று தெரிந்திருப்பது நல்லது.

அழைப்பை ஏற்பதா, மறுப்பதா? விண்மீன் தோன்றியபின் உண்ணுதல் நம் மரபுக்கு மாறு. விருந்து மேசைக்கு வாராமை அவர்கள் மனத்துக்கு வருத்தம். நாலு நாள் முன்னதாகவே தோழரின் தாயிடம் சொல்லிவிடுவதே முறை: 'பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை, ஆயினும் உங்களோடு அமர விரும்புகிறேன்' என்று. விருந்து ஓம்புதலில் வற்புறுத்தல் அங்கும் உண்டாதலால் இரண்டு மூன்று முறை மறுக்க வேண்டியிருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சென்றால், முட்டைக்கோசு வைத்த பியெரோகியும், கசகசா அடையும், உலர்பழம் வேகவைத்த இனிப்பு நீரும் அடுப்படியிலேயே தனியாக எடுத்துக் கொடுக்குமாறு கேட்கலாம். ஒற்றைப்படையில் மலர் கொண்டு செல்ல வேண்டும், சாமந்தி கூடாது.